ஆண்டர்சன்பேட்டையிலிருந்து ஒரு நேர்காணல்

கோலார் தங்கவயல் என்றால் இன்று பலருக்கும் ஒரு திரைப்படம் நினைவுக்கு வருகிறது. துகள் இயற்பியல் படித்தவர்களுக்கு நினைவுக்கு வருவது வேறு. 1965 ஆகஸ்டில் 'பிசிக்ஸ் லெட்டர்ஸ்' என்னும் ஆய்விதழில் சில பக்கங்களே கொண்ட ஒரு கட்டுரை வெளிவந்தது. பூமியின் வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்கள் பாறையோடு மோதி உண்டாக்கும் மியூவான்களைக் கண்டதாக அது அறிவித்தது. ஆசிரியர்கள் 11 பேர். எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன், வி.எஸ். நரசிம்மம் முதலிய ஐவர் பம்பாய் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். இருவர் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தவர். நால்வர் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தவர். ஆய்வு நடந்த இடம் சாம்பியன் ரீஃப் சுரங்கம், தரைக்குக் கீழே ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழம்.

அவ்வளவு ஆழம் ஏன் என்பதை விளக்கினால்தான் பின்னால் வருவது புரியும். விண்ணிலிருந்து வரும் கதிர்களால் உண்டாகும் மியூவான்கள் நம் உள்ளங்கை அளவு பரப்பில் நிமிடத்துக்கு ஏறத்தாழ நூறு விழுகின்றன. இந்த மழையில் ஒரு நியூட்ரினோவின் அடையாளத்தைத் தேடுவது திருவிழாக் கூட்டத்தில் ஒருவரின் மூச்சொலியைக் கேட்க முயல்வது போன்றது. பாறை அம்மழையைத் தடுக்கிறது. ஆழம் கூடக் கூட, மேலிருந்து வருபவை குறைந்துகொண்டே போகின்றன. மிஞ்சுபவையும் செங்குத்தாக வருபவையே. பக்கவாட்டில் வருபவை இன்னும் பல கிலோமீட்டர் பாறையைக் கடக்க வேண்டும், கடக்க மாட்டா. ஆகவே அங்கே பக்கவாட்டில் ஒரு மியூவான் பாய்ந்தால் அது நியூட்ரினோ தந்ததாகவே இருக்க வேண்டும். எனவே கருவிகளைச் சுவர் போல நிறுத்தி வைத்து மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அதே காலத்தில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றில் ஃபிரெடெரிக் ரைன்ஸ் குழுவும் காத்திருந்தது. இரு குழுக்களின் முடிவுகளும் ஒரே மாதத்தில் அச்சேறின. கோலார்க் கட்டுரை ஏறத்தாழ இரு வாரம் முந்தியது.

ஒசாகாவிலிருந்தும் டர்ஹாமிலிருந்தும் ஆய்வாளர்கள் வந்து இறங்கிய இந்த ஊரின் ஒரு பகுதிதான் ஆண்டர்சன்பேட்டை. மாரிக்குப்பம் ரயில் நிலையத்துக்கு அருகில், சுரங்கத் தொழிலாளர்களை நம்பி வளர்ந்த கடைத்தெரு. வடஆற்காட்டிலிருந்தும் தருமபுரி, சேலம் பக்கங்களிலிருந்தும் வந்த தமிழ்க் குடும்பங்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர், நான்கைந்து தலைமுறைகளாக அங்கே வாழ்கிறார்கள். அவர்கள் தோண்டிய பாதையில்தான் அந்தக் கருவிகள் இறங்கின. இரும்பும் ஈயமும் கேஜில் ஏற்றி இறக்கியவை அவர்களுடைய கைகள். 11 பெயர்களில் அவர்களுடையது எதுவும் இல்லை என்பது வியப்புக்குரியது அன்று. அறிவியல் கட்டுரைகளின் வழக்கமே அது. ஆனால் ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்குப் பின், அந்தத் தெருக்களில் ஒன்றிலிருந்து ஒரு பெண் அதே துறையில் முனைவர் பட்டம் முடித்து, போஸ்ட்டாக் நேர்காணலுக்காக ஜெர்மனிக்குப் புறப்பட்டார். அந்தப் பயணத்தின் வரவுசெலவு பதிவு செய்யப்பட வேண்டியது.

அவருடைய பாட்டனார் சுரங்கத்தின் அடிமட்டங்களில் மரத் தாங்கிகள் நிறுத்தும் வேலை செய்தவர். பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசைத் தாண்டும் ஆழங்கள் அவை. கடைசிப் பத்தாண்டு இருமலிலேயே கழிந்தது. தந்தையும் சுரங்கத்தில் சேர்ந்தார். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அதன்பின் தங்கவயலின் ஆயிரக்கணக்கானோரைப் போல அவரும் விடியும் முன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூர் சென்று, ஓர் அலுவலக வாயிலில் காவலுக்கு நின்று, இரவில் திரும்பினார். நூறு கிலோமீட்டர் போக, நூறு கிலோமீட்டர் வர. மகள் பெங்களூரில் எம்.எஸ்சி. படித்த இரண்டாண்டுகளும் அதே ரயிலில் அவருடன் சென்றார். அந்தப் பெட்டிகளில் நின்றுகொண்டே தூங்கக் கற்றுக்கொள்ளாதவர் எவரும் இல்லை.

எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் அணுக்கருவியல் வகுப்பில் பேராசிரியர் கரும்பலகையில் கே.ஜி.எஃப். என்று மூன்று எழுத்துகளை எழுதியபோது, தம் ஊரைப் பற்றி ஏதோ நகைச்சுவை வரப்போகிறது என்றே அவர் நினைத்தார். வந்தது நியூட்ரினோ. அன்று இரவு ரயிலில் தந்தையிடம் கேட்டார்.

"அப்பா, நம்ம மைன்ஸ்ல சயின்டிஸ்ட் யாராவது இருந்தாங்களா?"

"இருந்தாங்களே. ஜப்பான்காரங்க வந்து உள்ள ரூம் போட்டுக்கினு இருந்தாங்கன்னு உங்க தாத்தா சொல்லுவாரு. வானத்துல இருந்து வர்றதப் புடிக்கறதுக்குப் பூமிக்குள்ள வந்து உக்காந்துக்கினு இருக்காங்கன்னு சிரிப்பாரு."

பாட்டனாரின் சிரிப்பில் தவறில்லை. இத்துறையின் முரணை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன பாடநூல் இல்லை.

அவர் தேர்ந்துகொண்ட ஆய்வுப் பொருளும் அந்த மரபில் வந்ததே. 1980இல் அதே சுரங்கத்தில், அதே ஆழத்தில், 140 டன் எடையுள்ள கருவி ஒன்று புரோட்டான் சிதைவைத் தேடத் தொடங்கியது. சில நிகழ்வுகள் சிதைவாக இருக்கலாம் என்று அக்குழு முன்வைத்தது. பின்னர் வந்த பெரிய கருவிகள் அதை உறுதிப்படுத்தவில்லை. 1990களின் தொடக்கத்தில் ஆய்வுக்கூடம் மூடப்பட்டது. சுரங்கம் மூடப்பட்ட பின் நீரேற்றிகளும் நின்று, ஆழத்தில் தண்ணீர் நிரம்பியது. அதற்கு மாற்றாகத் திட்டமிடப்பட்டதுதான் தேனி மாவட்டம் பொட்டிப்புரத்து மலைக்குள் அமையவிருந்த நியூட்ரினோ ஆய்வகம். 50,000 டன் இரும்புக் கருவி. மேலே ஒரு கிலோமீட்டருக்கும் மிகுந்த பாறை. 2015 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஆனால் மலையையும் நீரையும் காட்டுயிரையும் முன்வைத்து எதிர்ப்பு எழுந்தது; வழக்குகள் தொடர்ந்தன; அனுமதிக்க இயலாது என்று தமிழ்நாடு அரசு 2022இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. எதிர்த்தவர்களை அறியாமையில் எதிர்த்தார்கள் என்று தள்ளிவிடுவது சில இயற்பியலாளர்களின் வழக்கம், அது நேர்மையன்று. ஒரு சுரங்கம் தன்னைச் சுற்றி எதை விட்டுச்செல்லும் என்பதற்குத் தங்கவயலின் சயனைடு மேடுகளைக் கண்டால் போதும். காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூள் சோற்றுத்தட்டு வரை வரும். அதே சமயம், கட்டப்படாத கருவிக்காகப் பயிற்சி பெற்ற ஒரு தலைமுறை மாணவர்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. 2008 முதல் அந்தத் திட்டத்துக்கென்றே முனைவர் பட்டப் பயிற்சி நடந்தது. மதுரையில் 85 டன் மாதிரிக் கருவி ஒன்று தரைமட்டத்தில் இயங்குகிறது. மற்றவை எல்லாம் கணினிக்குள் இருக்கும் கருவிகள். அவருடைய ஆய்வேட்டின் பெரும்பகுதியும் கணினிக்குள் கட்டப்பட்ட கருவியைப் பற்றியதே.

2024இல் ஆய்வேடு சமர்ப்பித்தார். ஆய்வு உதவித்தொகை ஐந்தாண்டுகளுக்குத்தான். 2023 முதல் அது இளநிலைக்கு மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000 என்று இருந்தது. அதில் பாதி வீட்டுக்குச் சென்றது. ஐந்தாண்டு முடிந்த நாளுக்கும் வாய்மொழித் தேர்வு நடந்த நாளுக்கும் இடையிலான மாதங்களில் கையில் எதுவும் வரவில்லை. இந்த இடைவெளியைப் பற்றி நம் பல்கலைக்கழகங்களில் எவரும் பேசுவதில்லை. ஆனால் போஸ்ட்டாக் விண்ணப்பங்கள் எழுதப்படுவது முழுக்க இந்த மாதங்களில்தான். அவர் 31 விண்ணப்பங்கள் அனுப்பினார். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் போஸ்ட்டாக் முடித்து ஏறத்தாழ 50 அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு ஆசிரியர் பணி கேட்டு எழுதியும் இடம் கிடைக்கவில்லை என்று விடுதித் தோழியர் ஆறுதல் சொன்னார்கள். பின்னால் நோபல் பெற்றவரைக் காட்டி முன்னால் இருப்பவரைத் தேற்றுவது எளிது. நோபல் பெறாத மற்றவர்களின் விண்ணப்பங்களை எவரும் எண்ணி வைப்பதில்லை.

முப்பத்தொன்றில் நான்கு இடங்களிலிருந்து காணொளி நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. 2020க்குப் பின் முதற்சுற்று எங்கும் காணொளியில்தான். ஜெர்மனியின் ஓர் ஆய்வு நிறுவனம் மட்டும், இறுதிப் பட்டியலில் மூவர் இருப்பதாகவும் மூவரும் நேரில் வந்து உரையாற்ற வேண்டும் என்றும் எழுதியது. பயணச் செலவு பின்னர் ஈடுசெய்யப்படும் என்று கடிதத்தின் கடைசி வரி சொன்னது.

'பின்னர் ஈடுசெய்யப்படும்' என்ற தொடரைப் படிக்கும் விதம் வர்க்கத்துக்கு வர்க்கம் மாறுகிறது. வங்கியில் இருப்பு உள்ளவருக்கு அது ஒரு சௌகரியம்; இல்லாதவருக்கு அது வட்டி. ஆய்வு மாணவர்களின் வெளிநாட்டுப் பயணத்துக்கு அரசு உதவித் திட்டங்கள் உண்டு. அவை மாநாட்டில் கட்டுரை படிப்போருக்கானவை. நேர்காணல் மாநாடு அன்று. விமானச் சீட்டு போக வர 68,000 ரூபாய். விசாக் கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. விடுதி. உள்ளூர் ரயில். தந்தை கேட்ட முதல் கேள்வி இது:

"கூப்பிடறவங்கதானம்மா டிக்கெட் எடுக்கணும்?"

அதற்கு அவரிடம் விடை இல்லை. எந்த நிறுவனத்திடமும் நியாயமான விடை இல்லை என்பதே உண்மை. அழைப்பவர்களின் அலுவலகத்தில் பயண முகவர் இருக்கிறார், கணக்கு எண் இருக்கிறது, ஒரு மின்னஞ்சலில் முடியும் வேலை அது. பல இடங்களில் கேட்டால் செய்கிறார்கள் என்று பின்னர் தெரியவந்தது. கேட்கலாம் என்பது முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு யார் சொல்லித் தருவது? கேட்டால் தகுதி குறைந்துவிடுமோ என்ற அச்சமே மேலோங்கி நின்றது.

அம்மாவின் நகை நாலரைப் பவுன் ராபர்ட்சன்பேட்டையில் அடகுக்குப் போனது. 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்த ஊரில், அந்தத் தங்கத்தை எடுத்த குடும்பம் ஒன்றின் கையில் மிஞ்சியிருந்தது அவ்வளவுதான். ஆயா மட்டும் தடுத்தார். "பொட்டப் புள்ள படிச்சு முடிச்சிட்டா, இன்னும் எதுக்குடா பரிட்ச?" என்றார். மூதாட்டியின் கேள்வி பழைமையானது என்று ஒதுக்கத் தோன்றும். முனைவர் பட்டத்துக்குப் பிறகும் ஒருவர் தற்காலிகப் பணிக்காக நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டிய இந்த அமைப்பைப் பற்றி அது மிகச் சரியான கேள்வியும்கூட.

விசா விண்ணப்பத்தில் ஒரு விசித்திரம் உண்டு. குறுகிய காலப் பயண விசாவுக்கு, பயணம் முடிந்ததும் தாய்நாடு திரும்புவீர் என்பதற்குச் சான்று கேட்கிறார்கள்: வேலை, சொத்து, குடும்பப் பிணைப்பு. நேர்காணலுக்குச் செல்பவரோ, அந்த நாட்டில் இரண்டு மூன்று ஆண்டு தங்கி வேலை செய்ய விரும்புகிறேன் என்று சொல்வதற்கே செல்கிறார். திரும்பி வருவேன் என்று ஒரு மேசையிலும், வந்து தங்குவேன் என்று இன்னொரு மேசையிலும் சொல்ல வேண்டும். இரண்டும் உண்மையாகவும் இருக்க வேண்டும். வேலை இல்லை. சொத்து என்று காட்ட ஆண்டர்சன்பேட்டையில் வாடகை ரசீதுதான் இருந்தது. ஆய்வு நிறுவனத்திலிருந்து, வாய்மொழித் தேர்வு இன்னும் நடக்கவில்லை, அதற்கு இவர் திரும்பியாக வேண்டும் என்று நெறியாளர் எழுதிக்கொடுத்த கடிதமே அவரைக் காத்தது. தாமதமான தேர்வுக்கு அப்படியும் ஒரு பயன்.

பெயரும் ஒரு சிக்கல் தந்தது. வீட்டில் அவருக்கு ஒரே பெயர். முன்னால் தந்தையின் முதலெழுத்து. கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் என்ற இடத்தில் தந்தையின் பெயர் முழுமையாக ஏறியது. ஆய்வுக் கட்டுரைகளில் முதலெழுத்தோடு இருந்த பெயரும் கடவுச்சீட்டின் பெயரும் ஒருவருடையவைதாம் என்று இரண்டு முறை விளக்கக் கடிதம் எழுத நேர்ந்தது. தமிழ் மாணவர்கள் அனைவரும் அறிந்த தொல்லை இது. முதற்கட்டுரை அச்சேறும் முன்பே எந்தப் பெயரை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிடுவது நலம்.

நேர்காணல் ஒரு நாள் முழுவதும் நடந்தது. காலையில் 45 நிமிட உரை, 15 நிமிடக் கேள்விகள். பிறகு குழுவினர் ஆறு பேருடன் தனித்தனியே அரைமணி நேரம். நண்பகலில் ஆய்வு மாணவர்களோடு உணவு. அதுவும் நேர்காணலே என்பதை மேசையில் இருப்போர் எவரும் சொல்வதில்லை, ஆனால் மாலையில் அவர்களிடமும் கருத்துக் கேட்கப்படும். நம் நாட்டில் நேர்காணல் என்றால் பத்து நிமிடம், ஐந்து பேர், குறுக்குக் கேள்விகள். அங்கே ஒருவரோடு மூன்றாண்டு ஒரே அறையில் வேலை செய்ய முடியுமா என்று பார்க்கிறார்கள். முன்னதற்குத் தயாராவது எளிது.

உரைக்கு முன் கூட்டத் தலைவர் அவரை அறிமுகப்படுத்தினார். அந்நாட்டு வழக்கப்படி குடும்பப்பெயரின் முன் டாக்டர் சேர்த்து அழைத்தார். அதாவது, மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூர் சென்று வாயிற்காவல் நிற்பவரின் பெயர், டாக்டர் என்ற சொல்லோடு, அந்த அரங்கில் ஒலிபெருக்கியில் ஒலித்தது. பட்டம் இன்னும் வரவில்லை என்று திருத்துவதா, அது தம் தந்தையின் பெயர் என்று திருத்துவதா என்று அவருக்கு ஒரு கணம் விளங்கவில்லை. இரண்டையும் திருத்தாமல் முதல் படத்தைத் திரையிட்டார்.

உரை நன்றாக அமைந்தது. கேள்விகளில் ஒன்றே கடினமாக இருந்தது. உங்கள் கைகளால் எந்தக் கருவியைக் கட்டியிருக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். மதுரை மாதிரிக் கருவியின் தரவுகளை ஆய்ந்ததைச் சொன்னார். சில வாரங்கள் அங்கே உணர்கருவிகளைச் சோதித்ததைச் சொன்னார். கட்டியது என்று சொல்ல ஏதுமில்லை என்பதையும் சொன்னார். மற்ற இருவரும் இயங்கும் ஆய்வகங்களில் திருகாணி முடுக்கி வளர்ந்தவர்கள். அந்தக் குறை அவருடைய திறனைச் சேர்ந்ததன்று. ஒரு நாட்டின் முடிவுறாத வழக்கைச் சேர்ந்தது. நேர்காணல் மதிப்பெண் தாளில் அதைப் பிரித்துக் காட்டும் இடம் இல்லை.

பிற்பகலில், ஓய்வுபெற்ற பின்னும் நாள்தோறும் வந்துபோகும் முதிய இயற்பியலாளர் ஒருவர் அவருடைய தன்விவரக் குறிப்பில் பிறந்த ஊரைப் பார்த்துவிட்டுக் கதவைத் தட்டினார். மாணவப் பருவத்தில் 1965 கட்டுரையைப் படித்தவர். அந்த ஆய்வுக்கூடம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். தண்ணீருக்குள் இருக்கிறது என்று இவர் சொன்னார். கீழே எப்படி இருக்கும் என்று அவர் கேட்டபோது, கட்டுரைகளில் இல்லாததைச் சொல்ல இவரிடம் இருந்தது: பாறையைத் தொட்டால் கை சுடும் என்பதை, பாறைவெடிப்புக்கு முன் மரத்தாங்கிகள் முனகும், அதைக் கேட்டு ஓடத் தெரிந்தவர்களே வீடு திரும்பினார்கள் என்பதை, பாட்டனார் அந்த ஒலியைத் தூக்கத்தில் வாயால் எழுப்பிக் காட்டுவார் என்பதை. அரைமணி ஒதுக்கியிருந்த சந்திப்பு ஒன்றரை மணி நேரம் நீண்டது. அவர் தேர்வுக் குழுவில் இல்லை.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. பட்டியலில் இரண்டாமிடம்; முதலிடத்தவர் ஏற்றுக்கொண்டார். மடல் மரியாதையாக, நீளமாக இருந்தது.

செலவை ஈடுசெய்யும் படிவத்தில் ஐபேன் எண் கட்டாயம். இந்திய வங்கிகளில் அப்படி ஓர் எண்ணே கிடையாது. இங்கே கணக்கு எண்ணும் ஸ்விஃப்ட் குறியீடும்தான். கட்டத்தை நிரப்பாமல் படிவம் நகரவில்லை. ஐந்து மின்னஞ்சல்களுக்குப் பின் வேறொரு படிவம் வந்தது. விமானத்தில் ஏறியதற்கான சீட்டுகளின் மூலப்படி கேட்டார்கள். நல்லவேளையாக அம்மா அவற்றைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். பதினோராவது வாரம் பணம் வந்தது, இடைவங்கிக் கட்டணம் போக. நகையை மீட்டார்கள். அடகுக்கடை வட்டிக்கும் ரசீது இருந்தது. அதைச் சேர்க்கப் படிவத்தில் கட்டம் இல்லை.

பிப்ரவரியில் இன்னொரு நாட்டிலிருந்து, சிறிய குழு ஒன்றிலிருந்து, நேரில் வருமாறு அழைப்பு வந்தது. இம்முறை அவர் பதிலில் ஒரு பத்தி கூடுதலாக எழுதினார்: வர விரும்புகிறேன், விமானச் சீட்டைத் தங்கள் அலுவலகமே நேரடியாக எடுக்க இயலுமா? அனுப்பும் பொத்தானை அழுத்தும் முன் அந்தப் பத்தியை நான்கு முறை அழித்து எழுதினார் என்பதைத் தங்கைதான் பின்னர் எல்லாரிடமும் சொன்னார்.

மறுநாள் காலையே அந்த அலுவலகச் செயலர் பதில் எழுதியிருந்தார். தாராளமாக, எந்த விமான நிலையத்திலிருந்து என்று மட்டும் தெரிவியுங்கள் என்றது அது.